வண்டியின் வர்ணத்தில் வெள்ளைக் கறை: தேய்க்காமல் போக்கும் முறை

எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பகுதிகளில் டிராக்டர், மினி லாரி, கார் வைத்திருப்போர் அனைவருக்கும் தெரிந்த தொல்லை இது. வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு அரை மணி கழித்து வந்து பார்த்தால் பானெட்டிலும் கதவிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மறுபடி கழுவினால் புள்ளி கூடுகிறதே தவிர குறைவதில்லை. கடன் போட்டு வாங்கிய வண்டி தவணை முடியும் முன்பே பழசாகத் தெரிகிறது. விற்கப் போனால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே காரணமாகிவிடுகிறது.

குற்றம் வண்டியிலும் இல்லை, வர்ணத்திலும் இல்லை. கழுவும் தண்ணீரில்தான் இருக்கிறது. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொண்டுவரும்போது அதன் உப்பு வெகுவாகக் குறையும். கோடையிலோ ஏரியின் சில பகுதிகள் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். கரையோரக் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வரும் நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததே. சோப்பு நுரைக்காத தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர் என்று பெண்கள் சொல்வது இதைத்தான். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்று 2012-ஆம் ஆண்டின் இந்திய தர நிர்ணயம் கூறுகிறது. 600-ஐத் தொடும் தண்ணீரைக் குடித்துவிடலாம். வெயிலில் நிற்கும் காரின் மேல் ஊற்றினால் கறை நிச்சயம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. சாதாரண உப்பு காய்ந்து நிற்கும் வெள்ளை ஒரு வகை. நல்ல தண்ணீரை ஊற்றினால் அது கரைந்து ஓடிவிடும். மற்றொன்று சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. துளி வெயிலில் வற்றும்போது கரையாத சுண்ணாம்பாக மாறி, துளியின் ஓரத்தில் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். ஏரியில் கிடைக்கும் கிளிஞ்சலும் இதே பொருள்தான். வண்டியின் மேல் கிளிஞ்சல் பூசிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! இதை எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் கரைக்க முடியாது. புளிப்பு ஒன்றுதான் கரைக்கும்.

பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குகிறோமே, வண்டிக்கும் அப்படிச் செய்யலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணம் சரி, பொருள்தான் சரியில்லை. புளியில் நாரும் மண்ணும், பல சமயம் கல் உப்பும் சேர்ந்திருக்கும். தேங்காய் நார், சாம்பல், பல்பொடி இவையும் கூடாது. கறை போனாலும் வர்ணத்தில் ஆயிரம் கீறல் விழும். பல வருஷங்களுக்கு முன் இதை எழுதுபவரே ஒரு பழைய காரைப் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பார்த்ததுண்டு. புள்ளி போயிற்று, பளபளப்பும் உடன் போயிற்று. மண்ணெண்ணெய், டீசல் துடைத்தால் கறை மறைந்தது போலத் தெரியும். எண்ணெய் காய்ந்ததும் மறுபடி தோன்றும். நடுவில் புழுதியும் அப்பிக்கொள்ளும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் வண்டியின் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். அது வர்ணத்தைக் கெடுப்பதோடு குரோமியம் பூச்சையும் தகரத்தையும் தின்றுவிடும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதுமானது. அதில் சுமார் 4 சதவீதம் புளிப்பு அமிலம் இருக்கும். முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் கைக்குக் குளிர்ச்சியாகும் வரை காத்திருக்கவும். நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மணலையும் புழுதியையும் போக்கவும். மணல் இருக்கும்போது துணி வைத்தால் துணியே உப்புக் காகிதமாகிவிடும். பிறகு வினிகர் ஒரு பங்கு, நல்ல தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அதில் பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்துக் கறையின் மேல் விரிக்கவும். ஒன்றிரண்டு நிமிஷம் போதும். காயவிடக் கூடாது. துணியை எடுத்து லேசாகத் துடைத்துவிட்டு, உடனே நல்ல தண்ணீரால் அலசி, வேறொரு உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவும். போகாத இடத்தில் மட்டும் இன்னொரு தடவை செய்யலாம். எதற்கும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வர்ணம் உதிர்ந்து இரும்பு தெரியும் இடத்தில் வினிகர் பட வேண்டாம். கண்ணாடிக்கும் இதே முறைதான்.

இரண்டு தடவைக்குப் பிறகும் வட்டம் தெரிந்தால் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் இன்னும் சுண்ணாம்பு மீதி. பள்ளமாக இருந்தால் வர்ணமே அரிக்கப்பட்டிருக்கிறது. இனி வினிகரால் பயனில்லை. அப்போது மெருகேற்றும் பசையால்தான் சரிசெய்ய முடியும். இங்கே அவசரம் கூடாது. இன்றைய கார்களில் நிறத்தின் மேல் ஒரு நிறமற்ற பூச்சு உண்டு. அதன் கனம் ஒரு மில்லி மீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஒவ்வொரு தடவை மெருகேற்றும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்துதான் போகும். பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் இந்த மேல்பூச்சு இராது. துணியில் சிவப்போ நீலமோ ஒட்டினால் நிறத்தையே தேய்க்கிறோம் என்று அறிந்து கையை நிறுத்திவிட வேண்டும். புதுக் காரானால் அனுபவமுள்ள பெயிண்டரிடம் காட்டிவிடுவதே மேல்.

மீன் ஏற்றும் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு பளபளப்பைத்தான் கெடுக்கும்; உப்பு இரும்பையே தின்னும். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் அடித்தகட்டிலும் சக்கர வளைவிலும் தங்கித் துருவேற்றும். வெளியே துடைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை அடிப்பக்கத்திற்குக் காட்டினாலும் வண்டி நாலு வருஷம் கூட உழைக்கும். சவாரி முடிந்த அன்றே அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும்.

கறை படியாமல் காப்பது இதையெல்லாம்விட எளிது. வெயில் ஏறுமுன் காலையிலோ, சாய்ந்த பின் மாலையிலோ கழுவவும். ஒரேயடியாக முழு வண்டியையும் நனைத்துவிடாமல், ஒரு பக்கம் கழுவித் துடைத்த பிறகு மறு பக்கம் போகவும். தெளிப்பு நீர்ப் பாசனக் குழாயின் எட்டுக்குள் வண்டியை நிறுத்த வேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றச் சொல்வார்கள். கேட்க வேண்டாம். வடிகட்டிய உப்பும் சுண்ணாம்பும் அதில்தான் சேர்ந்திருக்கின்றன. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். வருஷத்தில் மூன்று நான்கு தடவை மெழுகு பூசினால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் அந்த முத்தைத் துடைக்காமல் வெயிலில் விட்டால் புள்ளி இன்னும் அழுத்தமாக விழும்.

கடைசி அலசலுக்கு மழைநீருக்கு ஈடு இல்லை. அதில் சுண்ணாம்பு அநேகமாகக் கிடையாது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்து வருவதை ஒரு மூடிய டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். கார் ஒன்றைக் கடைசியாக அலச இரண்டு வாளிக்கு மேல் ஆகாது. டிரம்மின் வாயில் கொசு புகாதபடி துணி கட்டி வைக்க மறக்க வேண்டாம்.