உயிர் போகாது என்றிருந்த கடி

சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை மலைகளிலும் றப்பர் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கூன்மூக்கு விரியனைத் தெரியும். ஒரு முழத்தைத் தாண்டாத நீளம், காய்ந்த சருகின் நிறம், மேலே தூக்கிய மூக்கு நுனி. பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் குணகட்டுவ என்பார்கள், பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள். புல் வெட்டும்போது கையில் கடிக்கும். விடியுமுன் பால் வெட்டப் போகும்போது காலில் கடிக்கும். கடித்த இடம் வீங்கும், கொப்புளம் கட்டும், சில நாள் கடுக்கும், உயிர் மட்டும் போகாது. தோட்டத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வைத்தியர்களும் நீண்ட காலம் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன் ஆகியவைதான் ஆளைக் கொல்பவை. இந்தச் சின்னப் பாம்புக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்ததற்குக் காரணம், ஒரே ஒரு நோயாளியின் கதையை யாரோ முழுதாக எழுதி வைத்ததுதான். தோட்டத்து மக்களின் உடலை மருத்துவம் எப்படிப் பார்த்தது, இப்போது எப்படிப் பார்க்கிறது என்பதை இந்தப் பாம்பின் வழியாகச் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மருத்துவ ஆய்வு தோட்டங்களுக்குப் புதிதன்று. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. இலங்கையின் மருத்துவ இதழ் 1887 முதல் வெளிவருகிறது. ஆசியாவின் பழைய மருத்துவ இதழ்களில் அது ஒன்று. 1905இல் கொழும்பில் அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர், பறங்கிப் புண்ணில் அதன் கிருமியைக் கண்டு உலகுக்குச் சொன்னார். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறவர்களைப் பிடித்து மருந்து கொடுப்பது எளிது. அந்தப் புழுவால் கூலியாளுக்கு வந்த இரத்தசோகை தோட்டத்தின் வருமானத்தையும் குறைத்தது. சோதித்தவர்கள் எத்தனை, புழு இருந்தவர்கள் எத்தனை, மருந்து குடித்தவர்கள் எத்தனை என்று அறிக்கைகள் நிறைந்தன. கக்கூசு இல்லாத லயங்களில் புழு திரும்பவும் வந்தது.

சப்ரகமுவவின் கேகாலை மாவட்டத்துக்கு மறக்க முடியாத கணக்கு அடுத்து வந்தது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வருடம் முழுக்க ஓடும் மகா ஓயாவும் களனி கங்கையும் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வழக்கமாக மலேரியா அவ்வளவாக எட்டிப் பார்க்காத ஈரவலயப் பக்கம் ஆகையால் மக்களின் உடலில் எதிர்ப்பும் இல்லை. 1935 நடுப்பகுதிக்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். கேகாலையும் குருநாகலும்தான் மிக மோசம். கர்னல் சி.ஏ. கில் வந்து விசாரித்து அறிக்கை எழுதினார். மழை எத்தனை அங்குலம், ஆற்றில் நீர் எவ்வளவு, எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது என்று எல்லாவற்றையும் எண்ணினார்கள்.

இப்படி எண்ணியதை நான் குறை சொல்லமாட்டேன். எண்ணி எண்ணித்தான் இந்த நாடு மலேரியாவை ஒழித்தது. 2012க்குப் பிறகு சில வருடங்கள் உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று கொடுத்தது. ஆனால் எண்ணிக்கையில் அகப்படாத நோய் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்து வீடு திரும்ப, ஒருவர் மட்டும் சிறுநீர் வராமல் செத்துப் போனால் கணக்கு அவரைக் கவனிக்காது. அவருக்குக் கண்ணாடி விரியன் கடித்திருக்கும் என்று எழுதி ஏட்டை மூடிவிடலாம். கூன்மூக்கு விரியன் அப்படித்தான் தப்பித்துக்கொண்டே இருந்தது.

1994இல் அது அகப்பட்டது. அன்ஸ்லம் டி சில்வா, விஜேகோன் முதலியோர் ஒக்ஸ்போர்ட்டின் டேவிட் வொரலோடு சேர்ந்து, லண்டனில் வெளியாகும் வெப்பமண்டல மருத்துவ இதழில் ஒரு நோயாளியின் விவரத்தை எழுதினார்கள். கூன்மூக்கு விரியன் கடித்து இரத்தம் உறையாமல் போய்ச் சிறுநீரகமும் செயலிழந்தது. கடித்தது அந்தப் பாம்புதான் என்று ஐயமற உறுதியான முதல் நோயாளி அவர். அதற்கு முன் யாருக்கும் இப்படி ஆகவில்லை என்பது இதற்குப் பொருளாகாது. முன்பு ஆனவர்களுக்குச் சாட்சி இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

மருத்துவ உலகில் ஆதாரங்களுக்கு ஒரு படிநிலை சொல்வார்கள். ஆயிரம் பேரைச் சேர்த்து நடத்தும் பரிசோதனை உச்சியில் இருக்கும். ஒற்றை நோயாளியின் அறிக்கை அடியில் கிடக்கும். எனக்கு அந்த ஏணியில் முழு உடன்பாடு இல்லை. 1981இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியாவைப் பற்றிய சிறு குறிப்புதான் எய்ட்ஸ் பற்றி உலகம் கேட்ட முதல் செய்தி. ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். அதை அந்த ஒருவர்தான் சொல்கிறார்.

அந்த ஒருவர் சொன்ன பிறகு மற்றவர்கள் தேடத் தொடங்கினார்கள். 2007இல் கேரளத்திலிருந்து இப்படிப்பட்ட நோயாளிகளின் அறிக்கை வந்தது. அங்கே இதே பாம்பைச் சுருட்டை விரியன் என்று தவறாக அடையாளம் கண்டிருந்தார்கள். 2008இல் அரியராணி அரியரத்னம் தலைமையில் இலங்கையில் பல வைத்தியசாலைகளைச் சேர்த்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பாம்பைக் கொண்டுவந்து அடையாளம் உறுதிசெய்யப்பட்ட 860 கடிகளில் 302 கூன்மூக்கு விரியனுடையவை. அவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். கைவசமிருந்த எதிர்விஷம் எதுவும் அதற்குக் கைகொடுக்கவில்லை. 2009இல் கலன மதுவகே குழுவினர், கூன்மூக்கு விரியன் ஒரே இனம் அல்ல, மூன்று என்று காட்டினார்கள். இரண்டு இனங்கள் இலங்கையில் மட்டுமே உள்ளவை. அவற்றில் ஒன்று ஈரவலயத் தாழ்நிலக் காடுகளுக்குரியது.

அந்த 860 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கிறவர்களை யாரும் புகழ்வதில்லை. அடித்த பாம்பைச் சொப்பிங் பையிலோ போத்தலிலோ போட்டு, கடிபட்டவரோடு முச்சக்கரவண்டியில் ஏற்றி வைத்தியசாலை வரை கொண்டுவந்த கணவர்மார், கங்காணிமார், பக்கத்துக் காம்பராப் பையன்கள். அவர்கள் கொண்டுவராவிட்டால் ‘உறுதியான’ என்ற சொல்லை எந்த ஆய்வாளரும் எழுதியிருக்க முடியாது. இன்று பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள், இன்னொருவருக்கும் கடி விழும் என்று வைத்தியர்கள் கெஞ்சிக் கேட்கிறார்கள். தூர நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்.

அந்தப் படத்துக்கு இவ்வளவு மதிப்பு வரக் காரணம் உண்டு. இலங்கை வைத்தியசாலைகளில் உள்ள எதிர்விஷம் இந்தியாவிலிருந்து வருகிறது. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கும் அது மருந்து. கூன்மூக்கு விரியன் அந்த நான்கில் இல்லை. எதிர்விஷம் ஏற்றும்போது பலருக்கு உடல் முழுக்கத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும், இரத்த அழுத்தமும் விழும். எனவே கூன்மூக்கு விரியன் கடித்தவருக்கு அந்த மருந்தை ஏற்றினால் ஆபத்து மட்டும் மிஞ்சும், பலன் இராது.

படமும் இல்லை, பாம்பும் இல்லை என்றால் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. சுத்தமான உலர்ந்த குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து அசைக்காமல் இருபது நிமிடம் வைப்பார்கள். பிறகு மெல்லச் சாய்ப்பார்கள். கட்டியாகியிருந்தால் சரி, தண்ணீராக ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், சின்ன வைத்தியசாலையிலும் செய்யலாம். எனக்கு இந்தச் சோதனையின் மேல் பெரிய மதிப்பு உண்டு.

இன்று இந்தப் பாம்பைப் பற்றி உலகம் வாசிப்பவற்றில் கணிசமான பங்கு சப்ரகமுவவின் இரத்தினபுரியிலிருந்து போகிறது. இரத்தினபுரி போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய நாமல் ரத்நாயக்க, பேராதனையின் எஸ்.ஏ.எம். குலரத்ன போன்றோருடன் சேர்ந்து கூன்மூக்கு விரியன் கடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி எழுதினார். கொழுந்து பறிக்கும் கையில் கடிக்கும் பச்சை விரியனைப் பற்றியும் அங்கிருந்து அறிக்கைகள் வந்தன. இப்போது இரத்தினபுரியில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் இருக்கிறது. எலிக்காய்ச்சல் விஷயத்திலும் இந்த மாகாணம் தானே பேசத் தொடங்கிவிட்டது. நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்து இருநூறு பேரளவில் இறந்த 2008க்குப் பிறகு, கேகாலை நோயாளிகளின் இரத்தத்தை வைத்தே நல்ல ஆய்வுகள் நடந்தன. கொக்கிப்புழுக் காலத்தில் ஆய்வு வெளியிலிருந்து வந்து கணக்கெடுத்துக்கொண்டு போனது. இப்போது நோயாளி படுத்திருக்கும் வார்டிலேயே எழுதுகிறார்கள். ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளியான இன்ன வயதுப் பெண்’ என்று தொடங்கும் வரியில் அவருடைய பெயர் இராது. ஆனால் கடித்த நேரம், கடித்த விரல், முதல் நாள் சிறுநீர், மூன்றாம் நாள் இரத்தம் என்று ஒரு வாரம் முழுக்க ஒருவர் இன்னொருவரைக் கவனித்திருக்கிறார். 1934இன் அறிக்கைகளில் எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் இந்தக் கவனம் கிடைக்கவில்லை.

கையெழுத்தும் வந்துவிட்டது. 1964இன் ஹெல்சிங்கி பிரகடனத்துக்குப் பிறகு, கேட்காமல் யாரையும் ஆய்வில் சேர்க்கக்கூடாது. அறிக்கை வெளியிடவும் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2013இல் வகுத்த சர்வதேச நெறிமுறை இன்னும் ஒரு படி போய், நோயாளி தன் நோயைத் தானே எப்படிப் பார்த்தார் என்பதற்கும் அறிக்கையில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகிறது.

எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான். சப்ரகமுவவின் வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் வைத்தியரும் தாதியும் குறைவு. கடிபட்டு வந்தவரிடம் கேள்வி சிங்களத்தில் வரும். பக்கத்துக் கட்டில்காரரோ சிற்றூழியரோ இடையில் நின்று சொல்வார். ‘எத்தனை மணிக்குக் கடிச்சது அக்கா?’ என்று கேட்டால், ‘காலைக் கொழுந்து நிறுத்ததுக்குப் பொறகு, தேத்தண்ணி குடிக்க முன்ன’ என்பார். அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. அந்தத் தோட்டத்தின் நிறுவை நேரம் தெரிந்தவருக்குக் கால் மணி நேரம்கூடத் தவறாது. ஆனால் அது ஏட்டுக்குப் போகும்போது வெறும் ‘காலை’ ஆகிவிடுகிறது. முதலில் யாரிடம் போனார், மந்திரிக்கிறவரிடமா டிஸ்பென்சரிக்கா, கடிவாயில் என்ன வைத்துக் கட்டினார், எப்போது சிறுநீர் கறுத்தது என்பவையும் இப்படியே சுருங்கும். ஒற்றை நோயாளியின் அறிக்கைக்கு உயிரே இந்த விவரங்கள்தான். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் அச்சடித்து வைப்பது முதல் வேலை மட்டுமே. அதை உட்கார்ந்து வாசித்துச் சொல்லவும், பதிலைக் கேட்டு எழுதவும் ஒரு தமிழ் தெரிந்த ஆள் ஒவ்வொரு வார்டுக்கும் வேண்டும்.

கூன்மூக்கு விரியனுக்கு மருந்து வருமா என்றால், முயற்சி நடந்திருக்கிறது. கொஸ்தாரிக்காவின் க்ளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து இலங்கைப் பாம்புகளின் விஷத்திலிருந்தே ஓர் எதிர்விஷம் உருவாக்கினார்கள்; கூன்மூக்கு விரியனையும் அதில் சேர்த்தார்கள். ஆய்வுகூடத்தில் அது வேலை செய்வதாக 2016இல் எழுதினார்கள். அது எல்லா வைத்தியசாலைகளின் அலமாரிக்கும் வந்து சேரும்வரை, சிறுநீரகம் நின்றவருக்கு இரத்தச் சுத்திகரிப்புத்தான் வழி. பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் திரும்பிவிடும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

அந்தச் சிலர் யார் என்பது மாதக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். இறக்குவானைப் பக்கத்து மலையிலிருந்து இரத்தினபுரிக் கிளினிக்குக்கு வர ஒரு நாள் வேண்டும். அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை; அரைப் பேரும் இல்லை. காலில் வீக்கம் வற்றியதும் டயக்னோசிஸ் அட்டையும் கிளினிக் புத்தகமும் லயக் காம்பராப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. அப்படி நின்றுவிட்டவர்கள் ஆய்வுக் கட்டுரையில் ‘தொடர்ந்து பார்க்க முடியவில்லை’ என்ற ஒரு வரியாகிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சில மில்லிலீற்றர் இரத்தம் போதும். தோட்டத்து டிஸ்பென்சரியில், மாலை நிறுவை முடிந்த பிறகு அதை எடுத்து இரத்தினபுரிக்கு அனுப்பலாம். இரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்க்கலாம். கடிபட்டவர் ஒரு பேரும் இழக்க வேண்டியதில்லை.