கரடுமுரடு சாலைக்கு ஏற்ற சைக்கிள்: குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

அதிகாலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து மணி வரை கல்லாவை விட்டு நகர முடியாத தொழில் நம்முடையது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நம்மவர்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. டாக்டர் சொல்லியோ, பிள்ளைகள் வற்புறுத்தியோ, நம் உறுப்பினர்கள் பலர் மறுபடியும் சைக்கிள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். சிலர் காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கடை திறக்கிறார்கள். சிலர் பக்கத்துக் கிராமங்களுக்கு லைன் வசூலுக்கே சைக்கிளில் போய் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி, கொல்லிமலை என்று ஏறிப் பார்க்கும் இளைஞர்களும் உண்டு. இவர்கள் அனைவரும் கேட்டு வாங்குவது ‘மவுண்டன் பைக்’ எனப்படும் எம்.டி.பி. சைக்கிளைத்தான். அந்தப் பெயரில் கடைகளில் நிற்பவற்றில் எது பணத்துக்குத் தகுந்த சரக்கு, எது வெறும் பளபளப்பு என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் சாலையைப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் ஓட்டப்போவது பாறைகளின் மேல் தாவும் பந்தயப் பாதையில் அல்ல. பள்ளம் விழுந்த தார்ச்சாலை, ஜல்லி கொட்டி ரோலர் வராமல் கிடக்கும் சாலை, செம்மண் பாதை, ஏரிக்கரை, எப்போதாவது ஒரு மலையடிவாரத்து ஒற்றையடிப் பாதை, இவ்வளவுதான். பழைய 28 அங்குலச் சைக்கிள் மூட்டை சுமப்பதற்கு இன்றும் நிகரில்லாதது. ஆனால் அதன் ஒடுங்கிய டயர் ஜல்லியில் வழுக்கும். ராடு பிரேக் மழையில் சரியாகப் பிடிக்காது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். எனவே எம்.டி.பி. தேவைதான். எந்த எம்.டி.பி. என்பதே கேள்வி.

ஏறத்தாழ 10,000 ரூபாய் விலையில் கடை வாசலில் முதலில் கண்ணில் படுவது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ‘டபுள் ஷாக்’ சைக்கிள். பார்ப்பதற்கு மோட்டார் சைக்கிள் போலவே இருக்கும். பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள். அதை வாங்கவே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. நல்ல பின் ஷாக் ஒன்றின் விலையே அந்த முழுச் சைக்கிளின் விலையைத் தாண்டும். அப்படியிருக்க, இந்த விலையில் கிடைப்பது வெறும் சுருள் கம்பி. நாம் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது அமுங்கி எழும்புவதால், காலின் பலத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அது பொருந்தியிருக்கும் மூட்டுகளில் சில மாதங்களிலேயே ஆட்டம் கண்டு, பின்சக்கரம் இங்கும் அங்கும் அசையத் தொடங்கும். அந்த மூட்டுக்கு உதிரிபாகம் கேட்டால் ‘அந்த மாடல் இப்போது வருவதில்லை’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

எடையிலும் ஏமாற்றமே. இரும்பு பிரேம் கொண்ட டபுள் ஷாக் சைக்கிள்கள் 18 கிலோவுக்குக் குறைவது அரிது. சுமாரான அலாய் பிரேமும் முன்னால் மட்டும் ஷாக்கும் உள்ள சைக்கிள் 14, 15 கிலோவில் அடங்கிவிடும். விற்பவர் சொல்லும் எடையை நம்ப வேண்டியதில்லை. தராசு நம் கடையிலேயே இருக்கிறது. ஓட்டிப் பார்க்க எடுத்து வரும்போது மூட்டை எடை போடும் தராசின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழித்துக்கொண்டால் போதும். மூன்று கிலோ என்பது ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் தெரியும்.

ஷாக் இல்லாமல் மலையில் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்கள் இந்தச் சைக்கிள் பிறந்த கதையை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், டமல்பாயிஸ் என்ற மலையை ஒட்டி, 1970-களில் சில இளைஞர்கள் பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களைச் சரிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1976-இல் அங்கே பந்தயமே தொடங்கியது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. ஒரு முறை இறங்கினாலே ஹப்பில் உள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் வந்தது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன் ஷாக் விற்பனைக்கு வந்தது 1989-இல்தான். அதுவரை அந்த மலையைத் தாங்கியது பருத்த டயரும் அதிலிருந்த காற்றும்.

ஆகவே பணத்தை முதலில் சக்கரத்தில் போடுங்கள் என்கிறோம். டயர் 1.95 முதல் 2.2 அங்குல அகலம் இருக்கட்டும். ரிம் இரட்டைச் சுவர் கொண்ட அலாய் ரிம்மாக இருப்பது நல்லது. உடல் கனத்தவர்கள், கேரியரில் சரக்கு வைப்பவர்கள் 36 கம்பி உள்ள சக்கரம் கிடைத்தால் அதையே எடுக்கலாம். 26, 27.5, 29 என்று மூன்று அளவுகளில் சக்கரங்கள் வருகின்றன. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருண்டு போகும் என்பது உண்மை. ஆனால் சிற்றூரில் இருப்பவர், தம் ஊர்க் கடையில் எந்த அளவு டியூப் தொங்குகிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதிய டயரும், 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயரும் ஒன்றல்ல. இரண்டிலும் 26 என்று இருந்தாலும் முன்னது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. பின்னது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு. ஒன்றை மற்றதில் ஏற்ற முடியாது. டயரின் பக்கவாட்டில் 50-559 என்பது போல அச்சிட்ட எண்ணைச் சொல்லிக் கேட்டால் தவறு வராது. வால்வும் கார், மோட்டார் சைக்கிள் டியூபில் உள்ள அதே வகையாக இருக்கட்டும். பெட்ரோல் பங்கிலும் பஞ்சர் கடையிலும் நேராகக் காற்றுப் பிடித்துக்கொள்ளலாம். காற்றைச் சாலைக்குச் சற்றுக் கூட்டியும் மண் பாதைக்குச் சற்றுக் குறைத்தும் வைப்பது வழக்கம். ஆனால் டயரில் அச்சிட்ட அளவுக்குக் கீழே விட்டால், கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

பிரேக்கில் குழப்பம் வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் மலிவானது, எந்த மெக்கானிக்கும் சரி செய்வார். சேற்றில் மட்டும் பிடிமானம் குறையும், ரிம்மும் தேயும். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் நம் தேவைக்குப் போதுமானது. ஆயில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும் என்றாலும், அதைக் கழற்றிச் சரி செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே வாங்கலாம். மளிகைக் கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டிஸ்க் பிரேக் சைக்கிளை எண்ணெய் டின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். எண்ணெய்க் கை அந்தத் தகட்டில் பட்டாலே பிரேக் பிடிக்காது. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அது பிசினாகித் தூசியைச் சேர்க்கிறது.

கியரைப் பொறுத்தவரை ‘21 கியர்’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்பதன் பெருக்குத் தொகையே அது. பல கியர்கள் ஒன்றுக்கொன்று அதே அளவாகவே இருக்கும். பழைய சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். மலையேற்றத்துக்கு அது ஒரு சுற்றாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்க வேண்டும். ஆகவே முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் உள்ள பெரியதில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் போதும்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது வேறொன்று. மலிவு சைக்கிள்களில் பின் கியர்கள் ஹப்பின் மேல் திருகும் பிரீவீலாக வருகின்றன. அதில் வலப்பக்கப் பேரிங் வெகுவாக உள்ளே தள்ளி இருப்பதால், ஆக்சிலின் வலது முனை ஆதாரமின்றி நீண்டு நிற்கிறது. பாரத்தோடு பள்ளத்தில் விழ விழ ஆக்சில் வளைகிறது, சில சமயம் ஒடிகிறது. கேசட் எனப்படும் வகையில் பேரிங் முனைக்கு அருகே அமைவதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. கையில் கூடுதலாகச் சில ஆயிரம் இருந்தால், அதை ஷாக்குக்குக் கொடுக்காமல் கேசட் ஹப்புக்குக் கொடுப்பதே இலாபம்.

பிரேமின் அளவை விற்பவரின் வசதிக்கு விட்டுவிடக் கூடாது. இருப்பில் உள்ளதைத் தள்ளிவிடப் பார்ப்பது எந்த வணிகருக்கும் இயல்புதானே! நடுப்பாரின் இருபுறமும் காலை வைத்துத் தரையில் நின்றால், உடலுக்கும் பாருக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். அலாய் பிரேம் இலகுவானது, ஆனால் உடைந்தால் ஊர் வெல்டிங் பட்டறையில் ஒட்ட முடியாது. இரும்பை ஒட்டலாம். கேரியர் போடும் எண்ணம் இருப்பவர்கள் பின்சக்கரத்துக்கு மேலே பிரேமில் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்கவும். பல எம்.டி.பி.களில் அவை இருப்பதில்லை.

மொத்தத்தில் ஏறத்தாழ 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள், சரியான அளவு பிரேம், இரட்டைச் சுவர் ரிம், கேபிள் டிஸ்க் கொண்ட சைக்கிள் கிடைக்கும். முன்னால் எளிய ஷாக் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. விலை ஊருக்கு ஊர் வேறுபடும். வாங்கிய பிறகு முதல் நூறு கிலோமீட்டருக்குள் கம்பிகள் தளர்ந்து, கேபிள் நீளும். அப்போது கடைக்கு எடுத்துச் சென்று கோட்டம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்ட சக்கரங்கள்தான் ஒரே ஆண்டில் எட்டாக வளைகின்றன.

இனி பில். சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டுபவரிடம் இதைக் கேளுங்கள். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால், கார் வாங்கினால் வரும் உள்ளீட்டு வரித் தடை இதற்கு இல்லை. தொழில் உபயோகத்துக்கென்று கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வாங்கினால் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வரி உட்பட முழு விலைக்கும் தேய்மானம் எழுதினால் இது கிடைக்காது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் இல்லை. காலை உடற்பயிற்சிக்கு மட்டும் வாங்கியதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெடல் அச்சுக்கு அடியில் பிரேமில் குத்தியிருக்கும் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் காணாமல் போனால் போலீசில் முதலில் கேட்பது அதைத்தான்.