தலைவலி தாய்க்கு, பத்தியம் வீட்டுக்கு

நம் இல்லங்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி இது. சன்னல்கள் சாத்தியிருக்கும், விளக்கு அணைந்திருக்கும். நெற்றியைச் சுற்றித் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, தாயானவள் படுத்திருப்பாள். பிள்ளைகளின் பேச்சொலி அவளுக்கு இடியோசை. அண்டை வீட்டில் தாளிக்கும் மணம் காற்றில் வந்தால் அவளுக்குக் குமட்டும். மறுநாளோ மறுமறுநாளோ எழுந்து, ஒன்றும் நடவாதவள்போல் அடுப்பங்கரைக்குச் சென்றுவிடுவாள். “நேற்று அப்படிக் கிடந்தவள் இன்று இப்படி நடமாடுகிறாளே, அப்படி என்னதான் வலியோ?” என்று வீட்டார் ஐயுறுவதும் உண்டு. வலியைக் காட்டிலும் இந்த ஐயமே அவளை அதிகம் வருத்துகிறது.

ஐயத்திற்கு இடமேயில்லை. ஒற்றைத் தலைவலி என்பது மெய்யான நோய். மருத்துவம் கவனியாதிருந்தால் ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், நடந்தால் மிகும், வெளிச்சமும் ஓசையும் பகையாகும். முகத்துக்கும் மூளையின் உறைகளுக்கும் உணர்ச்சி தரும் முப்பிரிவு நரம்பு கிளர்ச்சியுற்று, வலியைப் பெருக்கும் பொருள்களைச் சுரக்கச் செய்வதே இதன் அடிப்படை என இன்று அறிந்திருக்கிறோம். ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு இது தாக்குகிறது. மாதவிலக்கை ஒட்டி வருவதும் மிகுதி. நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கொன்று 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 25 பேர் முந்தைய ஓராண்டில் இந்நோயால் துன்புற்றவர்கள். நால்வருக்கு ஒருவர்! நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கெனத் தனிக்கணக்கு தேடாமலே, ஞாயிறு திருப்பலியில் ஒரு வரிசையில் அமர்ந்திருப்போரைப் பார்த்து நாம் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நோய்க்கும் உண்ணும் உணவுக்கும் தொடர்புண்டா? உண்டு என்று நம் பாட்டிமார் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மருத்துவ ஆய்வாளர்கள் அத்தனை எளிதில் முடிப்பதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஒற்றைத் தலைவலியுள்ள 54 பேரை நாளொன்றுக்கு 20 கிராமுக்குள் கொழுப்பைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நாள்தோறும் ஏறத்தாழ 66 கிராம் கொழுப்பு உண்டுவந்தவர்கள் 28 கிராம் அளவுக்கு இறங்கினார்கள். சொன்ன எல்லையை அவர்களால் எட்ட முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாக்கு எங்கும் நாக்குத்தானே! ஆயினும் தலைவலி வரும் தடவைகளும், அதன் கடுமையும், விழுங்கிய மருந்தும் குறைந்தன. 1999-இல் இது வெளிவந்தது. உணவை மாற்றாத மற்றொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது இதன் குறை.

அக்குறையை நீக்க முயன்றது 2014-இல் வெளிவந்த ஆய்வு. வாஷிங்டன் நகரில் நீல் பார்னார்டு என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 42 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் இறைச்சி, மீன், முட்டை, பால் யாவும் விலக்கி, எண்ணெயையும் குறைத்து, தானியம், பருப்பு, காய், கனி ஆகியவற்றையே உண்டனர். சில வாரங்கள் சென்றபின், தலைவலியைத் தூண்டுவதாகப் பொதுவாகக் கருதப்படும் உணவுகளையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். மற்றப் பிரிவினர்க்குப் பெயரளவில் ஒரு மாத்திரை மட்டுமே. 16 வாரங்கள் கழித்து, மிகக் கடுமையான வலியின் அளவு, 10-க்கு இத்தனை என்று குறிக்கும் அளவுகோலில், உணவை மாற்றியவர்க்கு 2.1 குறைந்தது; மாத்திரைக்காரர்க்கு 0.7 மட்டுமே. ஆனால் தலைவலி வரும் தடவைகளில் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாம் என்ன உண்கிறோம் என்பதை உண்பவரிடமிருந்து மறைக்கவும் இயலாது. நம்பிக்கையே பாதி மருந்தாகியிருக்கலாம். ஆதலின் இவ்வுணவு நோயை அடியோடு போக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. சிலருக்கு வலியின் கூர்மையை மழுக்கக்கூடும் என்று சொன்னால் நம்பலாம்.

வியப்புக்குரிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக இத்துன்பத்தில் உழன்ற 60 வயது அமெரிக்கர் ஒருவர், மாதத்தில் 18 முதல் 24 நாள் வரை தலைவலியோடு வாழ்ந்தவர். மருந்துகளும் யோகப் பயிற்சியும் பலனளிக்கவில்லை. நாள்தோறும் கரும்பச்சைக் கீரைகளை 140 கிராமுக்குக் குறையாமல் உண்டு, எண்ணெயையும் பாற்பொருள்களையும் இறைச்சியையும் வெகுவாகக் குறைத்ததும், மூன்று மாதத்திற்குள் தலைவலி நின்றது. ஏழாண்டுகளுக்கு மேலாகத் திரும்பவில்லை. 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று இதை வெளியிட்டது. ஒருவருடைய அனுபவம் ஊருக்கெல்லாம் சட்டமாகாது என்பது உண்மையே. ஆனால் அவர் உண்டது வேறொன்றுமில்லை, கீரை! அரைக்கீரையும் முருங்கைக்கீரையும் நம் வாசலுக்கே கட்டுக்கட்டாக வருகின்றன; நாமோ புரோட்டாக் கடையை நாடிப் போகிறோம்.

மீனவக் குடும்பங்கள் மலிந்த கடற்கரை மாவட்டமாதலால் மீனைப் பற்றியும் ஒரு சொல். 182 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2021-இல் வெளியான வேறோர் ஆய்வில், மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டி, சில தாவர எண்ணெய்களில் மிகுந்துள்ள லினோலியிக் அமிலத்தைக் குறைத்தபோது, மாதத்தில் சராசரியாக 4 நாள் தலைவலி குறைந்தது. கொழுப்பின் அளவு மட்டுமன்றி அதன் வகையும் பொருட்படுத்தத்தக்கது என்று இதனால் தெரிகிறது. பரங்கிப்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் வாழ்வோர் மத்தி மீன் குழம்பைக் கைவிட மனமில்லாவிடில் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. மீனை எண்ணெயில் பொரிப்பதைக் கைவிட்டால் போதும்.

எண்ணெய்க் கணக்கு

“நாங்கள் எண்ணெயே சேர்ப்பதில்லை” என்று சொல்லாத குடும்பம் இல்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். நால்வர் கொண்ட குடும்பம் மாதம் 3 லிட்டர் எண்ணெய் வாங்குவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். அப்படியாயின் தலைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் வருகிறது. லோமா லிண்டாவில் விதித்த 20 கிராம் எல்லையை எண்ணெய் ஒன்றே தாண்டிவிட்டது! பால், தயிர், தேங்காய்ச் சட்டினி, கடைப் பலகாரம் எல்லாம் இதற்குப் புறம்பு. மாதத்திற்கு ஒன்றரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் தலைக்கு 11 கிராம் ஆகும். நம்மால் ஆகக்கூடிய எல்லை அதுதான்.

தாவர உணவெல்லாம் கொழுப்பற்றது என்றெண்ணுவதும் பிழையே. பண்ருட்டி முந்திரிப் பருப்பும், நம் வட்டாரத்து மல்லாட்டையும் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புடையவை. சிதம்பரத்துக்குப் பேர் வாங்கித் தந்த கொத்சுவில் நல்லெண்ணெய் மிதக்காவிட்டால் அது கொத்சுவே அன்று என்று வாதிடுவோர் உண்டு. கத்திரிக்காயைத் தணலில் சுட்டு மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்தால், அந்தச் சுவையில் முக்காற்பங்கு கிடைத்துவிடுகிறது. மீதிக் காற்பங்கை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

மற்றபடி இவ்வுணவு நமக்குப் புதிதன்று. இட்டிலி, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கீரை மசியல், துவரம் பருப்பு, இரசம், வேகவைத்த சுண்டல், வாழைப்பழம் ஆகியவற்றில் கொழுப்பு மிகக் குறைவு. பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்பார்க்கு, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உள்ளது என்பது விடை. ஆனால் பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் கிட்டாது. பால், முட்டை, மீன் யாவும் தவிர்ப்பவர் அதை மாத்திரையாகப் பெற்றே ஆகவேண்டும். கருவுற்றோரும், சர்க்கரை நோயினரும், வளரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேளாமல் இம்மாற்றத்தில் இறங்கலாகாது.

கடைசிப் பந்தி

இனி, நாம் பெரிதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. நோயாளி யார்? பெரும்பாலும் இல்லத்தரசி. சமைப்பவள் யார்? அவளே. கணவனுக்கு மீன் வறுவல், மகனுக்கு முட்டைப் பொரியல், மாமியார்க்குத் தயிர்ப்பச்சடி எல்லாம் முடித்து, தனக்கென ஒரு பத்தியச் சமையலைப் புகைசூழ நின்று ஆக்கு என்றால் அவளால் எத்தனை நாளைக்கு இயலும்? மூன்றாம் நாளே மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். அதனினும் கேடு, அவள் உண்ணும் நேரம். எல்லாரும் பள்ளிக்கும் அலுவலுக்கும் போனபின் பதினோரு மணிக்குக் காலையுணவு. மூன்று மணிக்கு நண்பகல் உணவு. வேளை தவறி உண்பது ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் காரணங்களில் முதல்வரிசையில் நிற்பது. எண்ணெயைக் குறைத்துவிட்டு அவளைக் கடைசிப் பந்தியிலேயே வைத்திருந்தால் எந்த உணவு முறையும் பலன் தராது. ஆகவே வீடு முழுவதும் ஒரே சமையல், ஒரே நேரத்துச் சாப்பாடு. முதலில் அதற்கு வழி செய்வோம். காலையில் எழுந்ததும் அவள் கையில் எடுத்துக்கொள்ள நீராகாரத்தோடு பழைய சோறும் சின்ன வெங்காயமும் காத்திருந்தால் வேளையும் தவறாது, கொழுப்பும் சேராது.

ஒருசந்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். தவக்காலத்துச் சுத்தபோசனம், எண்ணெயில் மூழ்காதவரை, இந்நோயாளிக்கு நன்மையே செய்யும். ஆண்டில் நாற்பது நாள் நாம் ஏற்கெனவே பயின்றுவரும் உணவு அது. ஆனால் ஒருசந்தி அவ்வாறன்று. பட்டினியாலும், காலைக் காப்பியைத் திடீரென நிறுத்துவதாலும், பெரிய வெள்ளியன்று மாலையில் தலைவலி வந்து வீழ்வோர் பலர். நோயுற்றோரைத் திருச்சபை ஒருசந்திக்கு வற்புறுத்துவதில்லை. நற்கருணைக்கு முன் நள்ளிரவு முதல் உண்ணாதிருந்த பழைய வழக்கமும் தளர்ந்து, 1964 முதல் ஒரு மணி நேரம் என்றாகிவிட்டது. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் கடலூர், சிதம்பரம் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரும், வெயிலையும் வெறும் வயிற்றையும் ஒருசேரச் சுமக்காதிருப்பது நன்று.

உணவல்லாத தூண்டுதல்களும் உள. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதாலேயே இவ்வலி வரப்பெற்ற 94 இந்தியரைப் பற்றி 2006-இல் எழுதினார். நீண்ட கூந்தலை ஈரத்தோடு முடிந்துகொள்ளும் நம் பெண்டிர்க்கு இது புதுச்செய்தி அன்று. மருந்துக் கடையில் தாமாகவே வலிமாத்திரை வாங்கி மாதத்தில் 15 நாள், அதற்கு மேலும் விழுங்குவோர்க்கு அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அத்தகையோர் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் காண்க. மருத்துவர் தந்த மருந்தை உணவை நம்பி நிறுத்தவும் கூடாது.

எட்டு வாரம் முயன்று பார்க்கலாம். பழைய நாட்குறிப்பேடு ஒன்றில் தேதி, உண்ட நேரம், உண்டவை, வலி வந்த நேரம், அதன் கடுமை 10-க்கு எத்தனை, மாதவிலக்கு நாள், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை எழுதி வருக. எழுதுவதைப் பள்ளி செல்லும் மகளிடமோ மகனிடமோ ஒப்படைப்பது மேல். வலியோடிருப்பவளுக்கு எழுத்து ஓடாது. எட்டு வாரத்திற்குப் பின் பாலை ஒரு வாரம், பிறகு முட்டையை ஒரு வாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது பகை, எது உறவு என்று தெரியவரும். மாற்றம் ஏதும் காணாவிடில் அவ்வுணவு அவர்க்குரிய வழி அன்று. அதற்காக அவரைக் குறைகூற ஒன்றுமில்லை.

ஆனால் முன்னெப்போதும் இல்லாத கடுமையோடு திடீரென வெடிக்கும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய தலைவலி, கைகால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் வலி ஆகியவற்றுக்குக் குறிப்பேடும் வேண்டாம், கீரையும் வேண்டாம். அண்ணாமலை நகரில் 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனை இருக்கிறது. அங்கோ, அருகிலுள்ள வேறொரு பெரிய மருத்துவமனைக்கோ, அன்றைக்கே அழைத்துச் செல்க.