குனூ பிரைவசி கார்டு

குனூ பிரைவசி கார்டு என்பது கோப்புகளை மறையீடு செய்யவும், மறையீடு செய்தவற்றை மீண்டும் படிக்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவரவும், எண்ணிம ஒப்பம் இடவும் பயன்படும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். இது சுருக்கமாக ஜிபிஜி எனப்படும். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் இயங்கும் இது அடிப்படையில் ஒரு கட்டளைவரி நிரலாகும். இதன் மறையீட்டை உடைப்பதைவிட, பயனர் வன்தட்டில் விட்டுவைத்த மூலக் கோப்பைக் கண்டெடுப்பதோ எளிய கடவுத்தொடரை ஊகிப்பதோ எளிது. எனவே இதன் கட்டளைகள் எவற்றைச் செய்வதில்லை என்பதையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வரலாறு

அமெரிக்கரான பில் சிம்மர்மன் 1991 இல் பிரெட்டி குட் பிரைவசி (பிஜிபி) என்னும் மென்பொருளை வெளியிட்டார். அது இணையம் வழியாக வெளிநாடுகளுக்கும் பரவியது. வலிமையான மறையீட்டு மென்பொருளை அக்கால அமெரிக்கச் சட்டம் போர்த்தளவாடமாகக் கருதியதால், ஏற்றுமதி விதிகளை அவர் மீறினாரா என்பது குறித்து 1993 இல் குற்றவியல் விசாரணை தொடங்கியது. வழக்கு எதுவும் தொடரப்படாமல் 1996 இல் அது கைவிடப்பட்டது. பிஜிபியின் செய்தி வடிவம் 1998 இல் ஓப்பன்பிஜிபி என்னும் திறந்த சீர்தரமாயிற்று.

செருமானியரான வெர்னர் கோக் 1997 டிசம்பரில் ஜிபிஜியின் முதல் வெளியீட்டை வழங்கினார், 1.0 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. காப்புரிமைச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகத் தொடக்கத்தில் ஆர்எஸ்ஏ முறைக்கு மாற்றாக எல்கமால், டிஎஸ்ஏ ஆகிய முறைகள் பயன்படுத்தப்பட்டன.

கடவுத்தொடர் முறை

ஒரு கோப்பைத் தமக்கென மறைத்து வைக்க விரும்புவோருக்கு இம்முறை போதுமானது. ஜிபிஜி என்னும் கட்டளைப் பெயரையும், சிமெட்ரிக் என்னும் தெரிவையும், கோப்பின் பெயரையும் வரிசையாகத் தட்டச்சு செய்தால் நிரல் கடவுத்தொடரை இருமுறை கேட்கும். கோப்பின் பெயர் "கடிதம்" எனின், "கடிதம்.ஜிபிஜி" என்னும் புதிய கோப்பு உருவாகும். ஆர்மர் என்னும் தெரிவைச் சேர்த்தால், மின்னஞ்சலில் ஒட்டத்தக்க எழுத்து வடிவில் வெளியீடு கிடைக்கும்.

கடவுத்தொடர் நேரடியாகத் திறவுகோலாவதில்லை. எழுந்தமானமாகப் பெறப்பட்ட சில பைட்டுகள் அதனுடன் சேர்க்கப்பட்டு, அக்கலவை பலமுறை கணித்துச் சுருக்கப்பட்ட பின்னரே திறவுகோல் பெறப்படுகிறது. இதனால் ஒரே கடவுத்தொடர் வெவ்வேறு கோப்புகளுக்கு வெவ்வேறு திறவுகோல்களைத் தருகிறது. ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க எதிரிக்குக் கூடுதல் நேரமும் ஆகிறது. எனினும் அகராதியில் உள்ள ஒற்றைச் சொல்லை இந்த ஏற்பாடு காப்பாற்றாது.

மறைவிலக்கல்

டிக்ரிப்ட் என்னும் தெரிவுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால், விலக்கப்பட்ட உரை முனையத் திரையில் தோன்றும். படிப்பது மட்டுமே நோக்கமெனில் இதுவே சிறந்தது. வன்தட்டில் வெளிப்படையான படி எதுவும் எழுதப்படுவதில்லை. கோப்பாகவே வேண்டுமெனில், அவுட்புட் என்னும் தெரிவால் புதிய பெயர் குறிப்பிடப்படவேண்டும்.

மறையீடு செய்த உடனே கோப்பைத் திறந்து பார்ப்போர், கடவுத்தொடர் கேட்கப்படாததைக் கண்டு மறையீடு நிகழவில்லையென ஐயுறுவதுண்டு. ஜிபிஜியின் துணை நிரலொன்று கடவுத்தொடரைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருப்பதே இதற்குக் காரணம். இயல்பான அமைப்பில் இந்நேரம் 10 நிமிடங்களாகும். ஒவ்வொரு பயன்பாட்டின் போதும் அது மீண்டும் தொடங்கும். ஆகவே திறந்த கணினியை விட்டு அகல்வது கோப்பையும் திறந்து விடுவதற்கு ஒப்பாகும்.

திறவுகோல் இணை முறை

பிறருக்கு அனுப்பும் கோப்புகளுக்கு, கடவுத்தொடரைத் தெரிவிக்கப் பாதுகாப்பான வழி வேண்டும் என்பதே முதற் சிக்கல். பொதுத் திறவுகோல் முறை இதனைத் தீர்க்கிறது. பெறுநரின் பொதுத் திறவுகோலால் மறையீடு செய்த கோப்பை அவரது தனித் திறவுகோல் மட்டுமே திறக்கும். அனுப்புநர் தம்மையும் பெறுநராகச் சேர்க்காவிடில், அக்கோப்பை அவரே திறக்க இயலாது.

பெற்ற பொதுத் திறவுகோல் உரியவருடையதுதானா என்பதை அதன் கைரேகை எனப்படும் எண்ணெழுத்து வரிசையைத் தொலைபேசியிலோ நேரிலோ ஒப்பிட்டு உறுதி செய்யவேண்டும். இத்தகைய படிகள் புதியவர்களுக்குக் கடினமாக உள்ளன. 2012 டிசம்பரில் எட்வர்ட் சுனோடன் தம் பெயரை வெளியிடாமல் இதழாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்பு கொண்டு, இம்முறையை நிறுவிக்கொள்ளுமாறு வேண்டினார். அவர் அதை நிறுவாமையால், சுனோடன் 2013 இன் தொடக்கத்தில் இம்முறையை ஏற்கெனவே அறிந்திருந்த லாரா போய்ட்ராசை நாடினார்.

மறையாமல் எஞ்சுபவை

ஜிபிஜி மூலக் கோப்பை அழிப்பதில்லை. பயனரே அதனை நீக்கவேண்டும். உரைத்தொகுப்பிகள் உருவாக்கும் காப்புப் படிகளும் தற்காலிகக் கோப்புகளும் எஞ்சியிருக்கலாம். திண்மநிலை வட்டுகளில் மேலெழுதி அழித்தாலும் பழைய தரவு முற்றிலும் நீங்கும் என்பதற்கு உறுதியில்லை. கோப்பின் வெளிப்பெயரும் ஏறத்தாழ அதன் அளவும் மறைக்கப்படுவதில்லை. யாருடைய திறவுகோலுக்காக மறையீடு செய்யப்பட்டது என்பதும் இயல்பான அமைப்பில் தெரியும்.

கடவுத்தொடர் இழப்பு

ஜிபிஜியில் கடவுத்தொடரை மீட்டுத்தரும் சேவையோ பின்வாயிலோ இல்லை. நல்ல கடவுத்தொடர் மறக்கப்பட்டால், கோப்பின் உரிமையாளரும் அயலாரின் நிலைக்கே வந்துவிடுகிறார். இதனால் மூலக் கோப்பை நீக்குமுன் மறைவிலக்கலை ஒருமுறை சோதித்துப் பார்ப்பதும், கடவுத்தொடரைத் தாளில் எழுதிக் கணினிக்குப் புறம்பான பாதுகாப்பான இடத்தில் வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன.