பெட்டியில் 1,050, திரையில் 38: போர்ட்டபிள் எஸ்எஸ்டி-யின் வேகம் எங்கே போகிறது?

முகூர்த்த நாள் இரவு, மணி எட்டரை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். 400 ஜிபி வீடியோவைப் புது போர்ட்டபிள் எஸ்எஸ்டி-யில் ஏற்றி, பத்து மணி பஸ்ஸில் வெளியூர் எடிட்டருக்கு அனுப்ப வேண்டும். பெட்டியில் 'நொடிக்கு 1,050 எம்பி' என்று போட்டிருக்கிறது. கணக்குப்படி ஏழு நிமிட வேலை. ஆனால், காப்பி போட்டதும் திரையில் வந்த வேகம் நொடிக்கு 38 எம்பி. மீதமுள்ள நேரம் 2 மணி 55 நிமிடம். பஸ் போய்விடும்.

"கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்" என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், டிரைவில் எந்தக் கோளாறும் இல்லை. பெட்டியோடு வந்த குட்டி கேபிள் வீட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக மேஜையில் கிடந்த போன் சார்ஜர் கேபிளைச் செருகியிருக்கிறார். இரண்டு முனையும் டைப்-சி தான், பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் கம்பிகள் வேறு.

ஸ்டுடியோவில் மட்டுமல்ல, ஐடி அலுவலகத்திலும் கல்லூரி விடுதியிலும் நடக்கக்கூடிய விஷயம்தான் இது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டி, பழைய பென் டிரைவ் மாதிரி ஊர்ந்தால் காரணம் பெரும்பாலும் டிரைவுக்கு வெளியேதான் இருக்கும்.

எஸ்எஸ்டி ஏன் வேகமானது?

பழைய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுற்றும். ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து தரவைத் தேடும். அதனால் வேகம் நொடிக்கு 100 முதல் 140 எம்பி வரைதான் போகும். ஓடும்போது கீழே விழுந்தால் தட்டிலேயே கீறல் விழலாம்.

எஸ்எஸ்டி-யில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. தரவு 'நேண்ட் ஃப்ளாஷ்' சிப்களில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா குழுவினர் 1987-ல் அறிமுகப்படுத்திய நுட்பம் இது. பென் டிரைவ், மெமரி கார்டு, ஸ்மார்ட்போன் எல்லாவற்றிலும் இருப்பது இதே குடும்பத்துச் சிப்தான். எஸ்எஸ்டி-யில் பல சிப்களை ஒரே நேரத்தில் வேலை வாங்கும் கன்ட்ரோலர் கூடுதலாக இருக்கிறது. வேகத்தின் ரகசியம் அதுதான்.

பிட்டா, பைட்டா?

முதல் குழப்பம் இங்கேதான். கேபிள், போர்ட் ஆகியவற்றின் வேகத்தை 'ஜிகாபிட்' கணக்கில் சொல்வார்கள். டிரைவின் வேகத்தை 'மெகாபைட்' கணக்கில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 10 ஜிகாபிட் போர்ட் என்றால், காகிதத்தில் நொடிக்கு 1,250 எம்பி. தகவல் பரிமாற்றத்துக்கான உபரிச் செலவு போக, கையில் கிடைப்பது சுமார் 1,000 எம்பி. பெட்டிகளில் 1,050 என்ற எண் அடிக்கடி தென்படுவது இதனால்தான்.

அதே 400 ஜிபி வீடியோவை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? தோராயக் கணக்கு இது:

- யூஎஸ்பி 2.0 (480 மெகாபிட்): நடைமுறையில் நொடிக்கு 40 எம்பி. சுமார் 2 மணி 45 நிமிடம்.
- போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்: நொடிக்கு 120 எம்பி. சுமார் 55 நிமிடம்.
- 5 ஜிகாபிட் போர்ட்டில் எஸ்எஸ்டி: நொடிக்கு 400 எம்பிக்கு மேல். 15 நிமிடம் சொச்சம்.
- 10 ஜிகாபிட் போர்ட்டில் எஸ்எஸ்டி: நொடிக்கு 1,000 எம்பி. சுமார் 7 நிமிடம்.

டிரைவ் ஒன்றுதான். செருகும் இடத்தையும் கேபிளையும் பொறுத்து 7 நிமிடம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக மாறுகிறது.

வேகத்தைப் பிடித்து இழுக்கும் நான்கு இடங்கள்

நால்வழிச் சாலையில் வந்த பஸ், ஒற்றைப் பாலத்தில் ஏறினால் எப்படி நகருமோ அப்படித்தான் தரவும். வழியில் எது மெதுவோ, மொத்த வேகமும் அதுதான்.

1. கேபிள்: போனோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. தரவுக்கு யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். 2000-ம் ஆண்டில் வந்த தரநிலை அது. '100 வாட்' என்று போட்டிருந்தால் அது சார்ஜிங் திறனைத்தான் குறிக்கும். தரவு வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ்எஸ்டி-யோடு வரும் கேபிளை ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. வேறு வாங்குவதாக இருந்தால் '10 ஜிபிபிஎஸ்' என்று தரவு வேகம் குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

2. போர்ட்: ஒரே லேப்டாப்பில் இருக்கும் மூன்று போர்ட்டுகளும் மூன்று வேகத்தில் இருக்கலாம். பழைய அகலமான போர்ட்டின் உள்ளே நீல நிறம் இருந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி 3. கறுப்பாக இருந்தால் யூஎஸ்பி 2 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். டைப்-சி-யில் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் 5, 10, 20 என எண் அச்சிட்டிருக்கலாம். இல்லையென்றால் லேப்டாப் மாடலின் பெயரைப் போட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. விலை குறைந்த யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகினாலும் வேகம் அடிபடும்.

3. மறுமுனை: தரவு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கேமராவின் சாதாரண எஸ்டி கார்டு நொடிக்கு 100 எம்பிக்குள்தான் கொடுக்கும் என்றால், எஸ்எஸ்டி எவ்வளவு வேகமாக இருந்தாலும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காப்பி செய்யும்போதும் இதே கதைதான்.

4. டிரைவின் உள்ளே: பெட்டியில் இருப்பது 'அதிகபட்ச' வேகம். பெரும்பாலான டிரைவ்கள் தங்கள் இடத்தில் ஒரு பகுதியை வேகமான தற்காலிகத் தளமாகப் பயன்படுத்துகின்றன. அது நிரம்பும்வரை காப்பி பறக்கும். நிரம்பியதும் வேகம் சட்டென்று இறங்கும். ஒரே செல்லில் 4 பிட் வைக்கும் 'க்யூஎல்சி' வகை மலிவு டிரைவ்களில் இந்தச் சரிவு இன்னும் கூடுதலாகத் தெரியும். டிரைவ் ஏறக்குறைய நிறைந்திருந்தாலோ, தொட முடியாத அளவுக்குச் சூடானாலோ இதேதான் நடக்கும். 20 சதவீத இடத்தைக் காலியாக விடுவதும், லேப்டாப்பின் சூடான காற்று வெளியேறும் இடத்தில் டிரைவை வைக்காமல் இருப்பதும் பலன் தரும்.

கோடிங் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். பல்லாயிரம் குட்டிக் கோப்புகள் உள்ள ஒரு ப்ராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால், எந்த டிரைவும் பெட்டியில் சொன்ன வேகத்தைத் தொடாது. ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்பினால் காப்பி சீக்கிரம் முடியும்.

போன்ல செருகலாமா?

தாராளமாக. ஆனால் இங்கேயும் போர்ட்டைப் பார்க்க வேண்டும். ஐபோன் 15, 15 ப்ளஸ் இரண்டிலும் டைப்-சி இருந்தாலும் தரவு வேகம் யூஎஸ்பி 2 தான். ஐபோன் 15 ப்ரோ மாடல்களில் 10 ஜிகாபிட். 4கே ப்ரோரெஸ் வீடியோவை நொடிக்கு 60 ஃப்ரேம் வேகத்தில் நேரடியாக எஸ்எஸ்டி-யிலேயே பதிவு செய்யும் வசதியும் அவற்றில் உண்டு. அதற்கு டிரைவ் நொடிக்கு 220 எம்பியாவது எழுத வேண்டும் என்கிறது ஆப்பிள். வேடிக்கை என்னவென்றால், ப்ரோ மாடலின் பெட்டியில் வரும் கேபிளே யூஎஸ்பி 2 தான். வேகமான கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பட்ஜெட் போன்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0-வோடு நின்றுவிடுகின்றன. விலை உயர்ந்த மாடல்களில்தான் யூஎஸ்பி 3 கிடைக்கிறது.

எந்த ஃபார்மேட்?

விண்டோஸ், மேக், போன் என எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாக இருந்தால் 'எக்ஸ்ஃபேட்' வசதியானது. பழைய 'ஃபேட்32'-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. 'என்டிஎஃப்எஸ்' ஆக இருந்தால் மேக் படிக்கும். தனி மென்பொருள் இல்லாமல் எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால், அதைச் சமாளித்து மீளும் பதிவேடு அதில் கிடையாது. ஆகவே 'ஈஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுப்பதுதான் சரி. ஃபார்மேட் மாற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால், வாங்கியவுடனே செய்துவிட வேண்டும்.

வேகம் இருக்கு, பாதுகாப்பு இருக்கா?

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "எஸ்எஸ்டி-ல போட்டுட்டேன், இனி கவலை இல்ல" என்று லேப்டாப்பில் இருக்கும் ஒரிஜினலை அழித்துவிடுகிறார்கள். கீழே விழுந்தால் ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டி நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கெட்டுப்போகும்போது அது முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் போல 'டிக் டிக்' சத்தம் வராது. நேற்று வேலை செய்தது, இன்று கணினியின் கண்ணிலேயே படாது.

2023-ல் ஒரு பிரபல நிறுவனத்தின் சில போர்ட்டபிள் எஸ்எஸ்டி மாடல்கள் திடீரெனத் துண்டிக்கப்பட்டு, தரவுகள் காணாமல் போவதாகப் பயனர்கள் புகார் எழுப்பினர். நிறுவனம் ஃபர்ம்வேர் அப்டேட் வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. மலிவான டூப்ளிகேட் அல்ல அது, தொழில்முறைக் கலைஞர்கள் நம்பி வாங்கிய பிராண்ட்.

தெரியாமல் அழித்ததை மீட்பதும் எஸ்எஸ்டி-யில் கடினம். 'ட்ரிம்' என்ற வசதி செயல்பட்டால், அழித்த கோப்புகள் இருந்த இடத்தை டிரைவே பின்னணியில் துடைத்துச் சுத்தம் செய்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் மென்பொருள் போட்டு மீட்ட அனுபவத்தை நம்பி இங்கே இறங்க முடியாது.

பல ஆண்டுகள் பரணில் போட்டு வைப்பதற்கும் இது ஏற்றதல்ல. சேமிப்பது மின்னூட்டம் என்பதால், மின்சாரமே இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் சீக்கிரம் கசியும். எழுதும் ஆயுளை முழுவதும் செலவழித்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புது டிரைவ் இதைவிட நெடுங்காலம் தாங்கும். என்றாலும் பாப்பாவின் முதல் பிறந்தநாள் வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது என்ற நிலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதி இதற்குக் கைகொடுக்கும். மொத்தம் 3 பிரதிகள், 2 வேறு வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். வேலைக்கு எஸ்எஸ்டி, வீட்டு அலமாரியில் விலை குறைந்த ஹார்ட் டிஸ்க், மூன்றாவது கிளவுடில் என்று பிரித்துக்கொள்ளலாம். வெளியே எடுத்துச் செல்லும் டிரைவுக்கு பாஸ்வேர்ட் பூட்டும் போட்டுவிடுங்கள். பஸ்ஸில் தொலைந்தால் போவது டிரைவோடு நிற்க வேண்டும். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

- முதலில் உங்கள் லேப்டாப் போர்ட்டின் வேகம். அது 5 ஜிகாபிட் என்றால், 20 ஜிகாபிட் டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். 20 ஜிகாபிட் டிரைவை அந்தத் தரநிலை இல்லாத கணினியில் செருகினால் 10 அல்லது அதற்கும் கீழேதான் ஓடும்.
- வாரண்டி எத்தனை ஆண்டு, பில் கிடைக்கிறதா என்பது.
- 1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம், மோசடி அல்ல.
- '16 டிபி, ஆயிரம் ரூபாய்' என்று ஆன்லைனில் வந்தால்தான் பயப்பட வேண்டும். இத்தகைய டிரைவ்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே மெமரி கார்டைக் கண்டிருக்கிறார்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, இடம் தீர்ந்ததும் பழைய கோப்புகள் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும்.
- வாங்கிய அன்றே சோதிப்பது. விண்டோஸில் 'கிரிஸ்டல்டிஸ்க்மார்க்', மேக்கில் 'பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட்' ஆகிய இலவச மென்பொருள்கள் உண்மையான வேகத்தைக் காட்டிவிடும்.

சோதனையில் வேகம் 40 எம்பியைச் சுற்றியே நின்றால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த ஸ்டுடியோ எடிட்டரும் அதைத்தான் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு போன், பைக்கில் வந்து சேரும் ஒரு குட்டி கேபிள், ஏழு நிமிடம். பத்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் டிரைவ் பஸ் ஏறிவிட்டது என்பதற்காக, லேப்டாப்பில் இருக்கும் வீடியோவை மட்டும் அழித்துவிடக் கூடாது.