கரு தானம்: தூக்கிப்போடலாம், கொடுக்கக்கூடாது

ஐ.வி.எஃப். சிகிச்சையில் பெரும்பாலும் ஒரே ஒரு கருவோடு வேலை முடிவதில்லை. ஊசி போட்டு ஒரே சுழற்சியில் பல முட்டைகளை வளர்த்து எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்தால் நாலைந்து கருக்கள்கூடக் கிடைக்கலாம். கருப்பையில் வைப்பது ஒன்றோ இரண்டோதான். மிச்சம் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைந்து கிடக்கும்.

குழந்தை பிறந்து, "இதோட போதும்" என்று அந்தத் தம்பதி முடிவு செய்துவிட்டால் மிச்சக் கருக்களை என்ன செய்வது? முட்டையும் சரியில்லை, விந்தணுவும் இல்லை என்று நிற்கிற இன்னொரு தம்பதிக்குக் கொடுக்கலாமே? அதுதான் கரு தானம்.

மருத்துவ ரீதியாக இது பெரிய வித்தை இல்லை. பெறுகிற பெண்ணுக்கு ஹார்மோன் கொடுத்துக் கருப்பையின் உட்சுவரைத் தயார் செய்வார்கள். உருக்கிய கருவை மெல்லிய குழாய் வழியாக உள்ளே வைப்பார்கள். அவ்வளவுதான். குழந்தையின் மரபணுவில் அந்த அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆனால் சுமப்பதும் பெறுவதும் அவள்தான். அமெரிக்காவில் 1997 முதலே 'ஸ்னோஃப்ளேக்ஸ்' என்ற பெயரில் இதற்கென்று ஒரு திட்டம் நடக்கிறது. 1994-இல் உறையவைத்த ஒரு கரு, இன்னொரு தம்பதியின் குழந்தையாக 2025 ஜூலையில் பிறந்தது!

"இருந்தாலும் நம்ம ரத்தம் இல்லையே?" என்று பலர் தயங்குவார்கள். வேங்கிக்காலில் உட்கார்ந்து இதை எழுதும்போது எனக்கு வல்லாள மகாராஜா ஞாபகம் வருகிறது. வாரிசு இல்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது எங்க பக்கத்துக் கதை. இன்றைக்கும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் அவருக்குத் திதி கொடுக்கிறார். வயிற்றில் பிறக்காத பிள்ளை வருஷா வருஷம் மகன் கடமையைச் செய்வதை ஊரே கூடி நின்று பார்க்கிறது.

சட்டமும் இந்த இடத்தில் தயங்கவில்லை. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டப்படி, தானம் பெற்ற முட்டை, விந்தணு மூலம் பிறந்தாலும் அந்தக் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தைதான். சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு. தானம் கொடுத்தவருக்குக் குழந்தைமேல் எந்த உரிமையும் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதே சட்டம், கருவை 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. கெடு முடிந்தால் அழிய விடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். இன்னொரு தம்பதிக்குக் கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கருவை விற்பதற்கு மட்டுமல்ல, பிறருக்கு மாற்றித் தருவதற்கும் தடை. தன் சொந்தக் கருவைத் தன் உபயோகத்துக்காக வேறிடம் கொண்டுபோவதற்கே தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும்.

அப்படியானால் இங்கே 'டோனர் எம்ப்ரியோ' என்று சொல்வது எதை? பதிவு பெற்ற வங்கி வழியாக ஒரு பெண்ணின் முட்டையையும் ஓர் ஆணின் விந்தணுவையும் பெற்று, உங்களுக்காகப் புதிதாக உருவாக்கும் கருவை. அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. முட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம். அதிகபட்சம் 7 முட்டைதான் எடுக்கலாம். சிகிச்சை பெறும் மனைவிக்கு 50 வயதும், கணவருக்கு 55 வயதும் தாண்டியிருக்கக் கூடாது.

ஆகவே யாராவது "கரு ரெடியா இருக்கு" என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்காக உருவாக்கிய கரு இது? முட்டையும் விந்தணுவும் எந்த வங்கியிலிருந்து வந்தவை? அந்த வங்கிக்கும் இந்த மருத்துவமனைக்கும் பதிவு எண் என்ன? இன்னொரு தம்பதிக்கு மிஞ்சியது என்றால் சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

கரு வியாபாரத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காசு வாங்காமல், மனசார ஒருவர் கொடுக்க நினைப்பதை வியாபாரத்தோடு ஒரே கயிற்றில் கட்டியது சரியா? கொடுக்க மனசும் வாங்கக் கையும் இருக்கிறபோது, பத்து வருஷம் பத்திரமாக வைத்துவிட்டுத் தூக்கிப்போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.