பூண்டியின் ஈரக்காற்றும் தாளில் உலரும் ரத்தமும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டினால் பூண்டி. மலைப்பூண்டும் கேரட்டும் விளையும் ஊர். இங்கிருந்து குழாயில் எடுத்த ரத்தத்தைக் குளிர் குறையாமல், வளைவுகளில் குலுங்கி உடையாமல் சமவெளியின் பெரிய ஆய்வகத்தில் சேர்ப்பது பெரும்பாடு. அதையே தாளில் உலர்த்திவிட்டால் தபாலில் அனுப்பலாம்.

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் பரப்பிய முறை இது. பிறவிக் கோளாறுகளைக் கண்டறிய, குழந்தை பிறந்து 48 மணி நேரம் கழிந்ததும் குதிகாலின் ஓரத்தில் குத்தி, தடித்த வடிதாள் அட்டையின் வட்டங்களில் ரத்தத்தை ஊறவிடுவார்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு, ஆறாவது வாரத்திலேயே தொற்றைக் கண்டறிய, இந்தியாவில் 2010 முதல் உலர் ரத்தப்பொட்டு பயன்பட்டு வருகிறது.

பெரிய ஆய்வகங்களில் இன்று பெரும்பாலான வேலை இயந்திரங்களுடையது. ஒன்று அட்டையின் பார்கோடைப் படிக்கும், 3.2 மில்லிமீட்டர் விட்டத்தில் வில்லை வெட்டி, 96 குழிகள் உள்ள தட்டில் அதற்குரிய குழியில் போடும். அந்த வில்லையில் இருப்பது ஏறத்தாழ 3 மைக்ரோலிட்டர் ரத்தம்தான். அதைக் கரைத்தெடுப்பதும் அளப்பதும் அடுத்த இயந்திரங்கள். டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சில நிமிடங்களில் ஒரே வில்லையிலிருந்து பல வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தடயங்களைத் தேடிவிடும். வில்லையே வெட்டாமல், அட்டையிலிருந்து நேரடியாக ரத்தத்தைக் கரைத்து உறிஞ்சும் கருவிகளும் உண்டு. வேகம் மட்டும் லாபமில்லை. ஒரு குழந்தையின் முடிவு இன்னொரு குழந்தையின் பெயரில் ஏறும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

ஆனால் எந்த இயந்திரத்தாலும் கெட்டுப்போன பொட்டைச் சரிசெய்ய முடியாது. குதிகாலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். ஒரு துளியின் மேல் இன்னொன்று விழுந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சிவப்பணு மிகுந்த கெட்டியான ரத்தம் தாளில் குறைவாகவே பரவும் என்பதால் வில்லையில் சேரும் அளவே மாறும். ஈரம் இவற்றினும் மோசம். சில நொதிகளைச் சிதைத்துவிடும். வெயில் படாமல், படுக்கைவசத்தில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும் என்பது பொது விதி. மூடுபனி இறங்கும் பூண்டி போன்ற ஊரில் அதோடு நிறுத்தினால் போதாது. நன்றாகக் காய்ந்ததை உறுதிசெய்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு உறையை மூட வேண்டும். என் கணக்கில் ஆய்வகத்தின் முதல் மேசை சுகாதார நிலையத்தில்தான் இருக்கிறது. செவிலியருக்கான பயிற்சிக்கும் இயந்திரத்துக்குச் செலவிடுவதுபோல் மனமுவந்து செலவிட வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, சுமார் 1,130 பேரில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. பிறந்து இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால், அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். மூன்றாம் நாள் எடுத்த அட்டை மலையிறங்குவது, முடிவு திரும்புவது, சிரை ரத்தத்தில் மறுபரிசோதனை செய்வது எல்லாமே மிச்சமுள்ள பதினோரு நாளுக்குள் முடிய வேண்டும். ஆகவே சந்தேக முடிவு வந்த அன்றே அந்த ஊர்ச் செவிலியரின் கைப்பேசிக்குத் தகவல் போகும்படி இயந்திரத்தை இணைப்பதும் தானியக்கத்தின் வேலைதான்.